மூன்றாம் மாடிச் சிரிப்பு

நிலாணி வழுக்கி விழுவதற்கு ஒரு கணம் முன்பே மேலே யாரோ சிரித்துவிட்டார்கள்.

அவளுடைய அப்பா இரத்தினவேல் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நேர்சிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, வளைந்த மூக்கு வைத்த தோல் முகமூடியோடு விழுந்தெழும்புகிற மகளை, மில்லிக்கன் வீட்டிலிருந்து பனிக்குள் ஒத்திகைக்கு ஏற்றிவந்ததே அவருக்குப் பெரிய எரிச்சல். முந்நூறு வருடத்துப் பழைய இத்தாலியக் கோமாளி நாடகமாம். கிழவன் ஏமாறுவான், வேலைக்காரன் அடிவாங்குவான், அதற்குப் பாட்டு வேறு. இதைப் பார்த்துக் கைதட்டவும் இந்த ஊரில் ஒரு விசர்ச் சனம் இருக்கிறதே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஈரக் கம்பளமும் பழைய பவுடரும் மணக்கும் அந்த ஒபரா மண்டபத்தில், சனம் இருந்து பார்க்கிற மூன்றாம் மாடியைப் பல வருடங்களுக்கு முன்பே பலகை அடித்து மூடிவிட்டார்கள். ஏறப் படியும் இல்லை. ஆனாலும் முகமூடி போடுமுன் எல்லோரும் அந்த மாடியைப் பார்த்து ஒருமுறை குனிய வேண்டும் என்பது அங்கத்தைய வழக்கம். அன்று நெறியாளர் ஸ்டெபனிகூடக் குனிந்தாள்.

“வெறுங் கதிரையளுக்கோ கும்பிடு போடுறியள்?” என்று முன்வரிசையிலிருந்து இரத்தினவேல் கேட்டிருந்தார். நிலாணியின் முகம் கறுத்துப்போனது. அவள் மட்டும் குனியாமல் முகமூடியை மாட்டிக்கொண்டாள்.

தடி ஓங்குமுன் சிரிப்பு. பிறகு அடி. தட்டு நழுவுமுன் சிரிப்பு. பிறகு தட்டு. அவர் அண்ணாந்து பார்த்தார். பலகை இடுக்குகளில் இருட்டு மட்டும் இருந்தது.

இடைவேளையில் நிலாணி வியர்வையோடு ஓடிவந்தாள்.

“அப்பா, நீங்கள் சிரிச்சது கேட்டது. நீங்கள்தானே?”

சின்னப் பிள்ளையில் பார்த்த சந்தோசம் அவள் முகத்தில் இருந்தது. இல்லையென்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

“ஓம்,” என்றார்.

அடுத்தது ஏணிக் காட்சி. வேலைக்காரனாக நடிக்கும் நிலாணி பால்கனிக்கு ஏறிக் கடிதம் கொடுக்க வேண்டும். பியானோ தொடங்கியது. பவுடர் மணம் கூடியது. மேலே ஒரு கதிரை கிறீச்சிட்டது. பிறகு ஒரு வரிசை முழுக்க. ஆட்கள் வந்து அமர்கிற சத்தம்.

நிலாணி ஏறினாள். பாதி ஏணி. முக்கால். உச்சி.

அப்போது மாடி முழுக்கச் சிரித்தது. அதுவரை சிரித்த சிரிப்பெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. காலால் தட்டி, கையால் தட்டி, நிற்காமல்.

அவள் இன்னும் ஒன்றும் செய்யவில்லை.

“இறங்கு பிள்ளை,” என்றார் இரத்தினவேல். அந்தச் சிரிப்புக்குள் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. எழும்பினார். கால் கம்பளத்தில் தடக்கியது.

நிலாணி திரும்பி அவரைப் பார்த்தாள். அப்பா எழும்பி நிற்கிறார். அப்பா சிரிக்கிறார். முகமூடிக்குக் கீழே அவள் பல் தெரிந்தது.

அவருக்குக் குனிந்து வணக்கம் சொல்ல, ஏணியிலிருந்து இரண்டு கையையும் எடுத்தாள்.