காயாத களிமண் ஓலை

அன்று காலை சண்முகப்ரியா, களிமண் பிசைந்த கையைச் சமையலறைக் குழாயில் கழுவினாள். ஜன்னல் ஓரத்தில் உள்ளங்கை அளவில் ஒரு மண்வில்லை இருந்தது. அதன்மேல் ஈரத்துணியைப் போர்த்தினாள்.

"ஏங்க, அதத் தொட்டுறாதீங்க. ஒரு வரிதான் எழுதியிருக்கேன். சாயங்காலம் வந்து முடிச்சுக்கறேன்."

ஐசலின் கடைத்தெருவுக்குப் போய்க் கறிவேப்பிலையும் மகள் கண்மணிக்கு முறுக்கும் வாங்கி வருவதாகச் சொல்லிக் கார் சாவியை எடுத்தாள். இளமாறன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே "ம்" என்றான்.

சாலையில் பனி உறைந்து கண்ணாடியாய்க் கிடந்த நாள் அது. அவள் திரும்பி வரவில்லை.

பார்சிப்பனி ஊரின் அந்த வாடகை வீட்டுக்குக் களிமண் புதிதல்ல. ஏறக்குறைய நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் யூஃப்ரடீஸ் ஆற்றங்கரை அரண்மனைப் பெண்கள் எழுதிய கடிதங்கள்தான் ப்ரியாவின் ஆராய்ச்சி. ராஜா படையோடு வெளியே போனால் ராணி ஊரைப் பார்த்துக்கொண்டாள். யாரை நம்பலாம், எப்போது கிளம்பக் கூடாது என்று ஈரமண்ணில் எழுதி அனுப்பினாள். ராஜ்ஜிய உறவுக்காகத் தூர தேசத்தில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்கள், என்னைத் திரும்பக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று அப்பாவுக்கு எழுதினார்கள். அந்தக் கடிதங்களைப் படிக்கிற நாட்களில் மட்டும் ப்ரியா சரியாகச் சாப்பிடமாட்டாள்.

மற்ற நாட்களில் விளையாட்டுத்தான். குச்சியால் மண்ணில் ஆப்பு வடிவ எழுத்துக் குறிகளைக் குத்தி, காயவைத்து, அவன் சாப்பாட்டுப் பையில் போட்டுவிடுவாள். 'இளமாறனுக்குச் சொல்: ப்ரியா இவ்வாறு சொல்கிறாள்: பால் வாங்கி வா.'

"எனக்குன்னா எனக்கு எழுத வேண்டியதுதானே? யார்கிட்டச் சொல்லச் சொல்ற?"

"வாசிச்சுக் காட்டறவன்கிட்ட. அவன் வாய வாடகைக்கு எடுத்துக்கறாங்க, அவ்வளவுதான்." பிறகு சிரித்தாள். "தெய்வ வாக்கா இருந்தா இன்னும் ஒண்ணு இருக்கு. சொன்னவளோட முடியையும் துணி ஓரத்தையும் சேத்து அனுப்பணும்."

"எதுக்கு, ராஜா தலகாணி தைக்கவா?"

"சோதிச்சுப் பாக்க. பொம்பள சும்மா சொன்னா நம்பிருவீங்களா நீங்கெல்லாம்?"

காரியங்கள் முடிந்த பிறகும் ப்ரியாவின் அக்கா பர்வதம் ஹூஸ்டனுக்குத் திரும்பாமல் இருந்தாள். பிறந்த வீட்டுக் கோடியை எடுத்தது அவள்தான். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வைத்த பட்டு. ஓக் ட்ரீ ரோட்டுக் கடையில் அழுதுகொண்டே தேர்ந்தெடுத்து, தன் கையாலேயே தங்கைக்குப் போர்த்தி, நெருப்புக்கு அனுப்பினாள்.

"புள்ளய நான் கூட்டிட்டுப் போறேனுங்க தம்பி," என்றாள் ஒருநாள். "நீங்க ஆபீஸ் போவீங்களா, இவளுக்குச் சோறூட்டுவீங்களா? டேகேர்ல வுட்டா ஏங்கியே போயிரும்."

"எத்தன நாளைக்குங்க அக்கா?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

நாலு வயசுக் கண்மணி சோபாவுக்குப் பின்னால் போய் நின்றாள். "ஐ டோன்ட் வான்ட் டு கோ, அப்பா." தமிழ் புரியும் அவளுக்கு. பேச வராது.

இளமாறன் அவளைப் பார்க்காமல் பர்வதத்திடம் சரியெனத் தலையசைத்தான். மறுநாள் டிக்கெட் புக் பண்ணினான்.

அன்றிலிருந்து வீட்டில் ஈரமண் வாசனை அடிக்கத் தொடங்கியது. முதல் மழை விழுந்த நிலத்தின் வாசனை. வெளியே முழங்கால் அளவுக்குப் பனி. உள்ளே ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சமையலறை ஜன்னலில் அந்தத் துணி எப்போதோ காய்ந்து அப்பளம்போல் விறைத்திருந்தது. அவன் அதன் ஓரத்தைத் தூக்கி விரலை வைத்தான்.

சில்லென்று, ஈரம்.

குத்தியிருந்தது ஒரு வரி மட்டும். துணியை அப்படியே மூடினான். யாரிடமும் சொல்லவில்லை.

கிளம்பும் நாள் மதியம். பனியின் வெள்ளை வெளிச்சம் வீடெல்லாம் நிரம்பியிருந்தது. பெட்டி வாசலருகே தயாராக நின்றது. பர்வதம் தரையில் உட்கார்ந்து கண்மணிக்குத் தலைசீவிக்கொண்டிருந்தாள்.

ஹீட்டரின் இரைச்சல் நின்றது.

கண்மணி முதுகை நிமிர்த்தினாள்.

"இளமாறனுக்குச் சொல்."

சீப்பு பாதியில் நின்றது.

"ப்ரியா இவ்வாறு சொல்கிறாள். மகளை அனுப்பாதே. அனுப்பியவர்கள் எவரும் திரும்ப அழைக்கவில்லை."

குழந்தைக் குரல்தான். ஆனால் ஒரு சொல்கூடப் பிசகாத தமிழ்.

"கண்ணு..." பர்வதம் அவள் தோளைப் பிடித்தாள். "யாருடி உனக்கு இதச் சொல்லிக்கொடுத்தா?"

"ஹூ?" கண்மணி திரும்பிப் பார்த்தாள். "சொல்லிக்கொடுத்தா வாட், பெரியம்மா?"

இளமாறன் பெட்டியைத் தூக்கினான். "ப்ரியா வாசிக்கறதக் கேட்டுக் கேட்டு மனசுல பதிஞ்சிருக்குங்க அக்கா. வேற ஒண்ணுமில்ல. நான் கார ஸ்டார்ட் பண்றேன்."

"தம்பி."

அவள் கிசுகிசுப்பில் ஏதோ இருந்தது. அவன் நின்றான்.

பர்வதம் சீப்பை இழுத்தாள். இழுக்க இழுக்க வந்தது. கண்மணியின் முடி தோளைக்கூடத் தொடாது. சீப்பில் வந்தது ஒரு முழத்துக்கும் மேல் நீளம். நுனியில் ப்ரியா போட்டுக்கொள்ளும் மருதாணியின் செம்மை.

அதன் முனையில் ஒரு துணிக்கீற்று முடிச்சிடப்பட்டிருந்தது.

மாம்பழ மஞ்சள். அரக்குக் கரை.

கருகவில்லை. ஈரமாக இருந்தது. ஓரத்தில் களிமண்.

"இது நான் போர்த்துனது," என்றாள் பர்வதம், உதடு மட்டும் அசைய. "என் கையால போர்த்துனது."

பொம்பள சும்மா சொன்னா நம்பிருவீங்களா?

பெட்டி அவன் கையிலிருந்து நழுவியது. சமையலறைக்குப் போய்த் துணியை விலக்கினான். மண்வில்லையின் மேலிருந்து கீழ்வரை குறிகள் நெருக்கமாக நிறைந்திருந்தன. அடியில், கையெழுத்துப் போடும் இடத்தில், நகம் பதிந்த ஒரு பிறை. பின்னால் வந்த பர்வதம் தொட்டுப் பார்த்த விரலில் ஈரமண் ஒட்டியது.

அன்று விமானத்தில் பர்வதம் தனியாகப் போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை அவள் மிதிக்கவில்லை. இளமாறன் வேலையை மாற்றிக்கொண்டான், பின்னல் போடக் கற்றுக்கொண்டான், டேகேர் வாசலில் தினமும் முதல் ஆளாக நின்றான். கண்மணி இப்போது நான்காம் வகுப்பு. அந்த மதியத்தைப் பற்றி அவளுக்கு எதுவும் நினைவில்லை. தமிழில் அவள் அப்படி மறுபடி பேசவும் இல்லை.

பர்வதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஹூஸ்டனிலிருந்து போன் பண்ணுகிறாள். புள்ள நல்லாருக்காளா என்பாள், என்ன சமையல் என்பாள். வைக்கும் முன் குரலைத் தாழ்த்தி ஒன்றைக் கேட்பாள்.

"அது காஞ்சுதுங்களா தம்பி?"

அவன் ஜன்னலருகே போய்த் துணியின் ஓரத்தைத் தூக்கி விரலை வைத்துப் பார்ப்பான்.

"இல்லீங்க அக்கா."