அழித்த பின்னும் இடம் பிடித்தது

தொலைபேசி அலறியது!

மருத்துவமனையின் கணினி அறையில் பல்லைக் கடித்துக்கொண்டு அமர்ந்திருந்த சர்வர் நிர்வாகி, அதைப் பறித்தெடுத்தான். மறுமுனையில் அவனுடைய அக்கா. அதே மருத்துவமனையின் மருந்தாளர்.

"டேய்... ஸ்டோர்ல வலி ஊசி மருந்து பெட்டியைக் காணோம்டா! நான்தான் திருடினேன்னு மேனேஜர் போலீஸைக் கூட்டிட்டு வந்துட்டாரு!"

"அழாதக்கா... கேமரா பதிவு இருக்குமே?"

"அதுவும் இல்லையாம்! உன் சர்வர் முழுங்கிடுச்சாம்!"

தொடர்பு அறுந்தது.

சர்வரோ காலை முதல் நத்தையாக ஊர்ந்தது. நினைவகமான ரேமில் பாதி இடம் காலி. ஆயினும் ஸ்வாப் கழுத்துவரை நிரம்பியிருந்தது! நினைவகத்தின் சுமையை வட்டில் இறக்கி வைக்கும் பகுதி அது. ஓடும் நிரல்கள் அனைத்தின் பங்கையும் கூட்டிப் பார்த்தான்.

கால்வாசிகூடத் தேறவில்லை!

"மிச்சத்தை எவன்டா தின்னது?" மேசையைக் குத்தினான். கைதான் வலித்தது.

கதவு திறந்தது. மேனேஜர். பின்னால் இன்ஸ்பெக்டர்.

"இன்னுமா இதை ரீஸ்டார்ட் பண்ணல? வெளிய பேஷன்ட்டுங்க கத்துறாங்க!"

"காரணம் தெரியாம பண்ணா மறுபடியும் இதே கதைதான் சார்."

"அக்காவைக் காப்பாத்த டைம் ஓட்டுறியா? குடும்பமே இப்படித்தானா?"

அவன் திரைப் பக்கம் திரும்பினான். விசைகளைத் தட்டினான்.

கேமரா நிரல், பதிவுகளை முதலில் நினைவகத்துக் கோப்புறையில்தான் இடும். அதைத் திறந்தான்.

வெறுமை!

ஆனால் அதே கோப்புறை பிடித்திருந்த இடம்...? மலையளவு! காலிப் பையில் கல்லின் கனம்!

"சே! கண்ணுக்கே தெரியாம எப்படிடா உக்காந்திருக்க?"

சட்டென நிமிர்ந்தான்.

சர்வரை இயக்கும் லினக்ஸில் ஒரு கோப்பை அழித்தால் பெயர் மட்டுமே உடனே மறையும். எந்த நிரலாவது அதைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளடக்கம் மடியாது!

அழிக்கப்பட்டும் திறந்திருப்பவற்றைத் தேடினான்.

ஒரே ஒரு கோப்பு. நேற்றைய கேமரா பதிவு! வீடியோ பிளேயர் ஒன்று அதை இன்னும் பற்றிக்கொண்டிருந்தது.

"சார்... யாரோ வீடியோவைப் பாத்துட்டு அழிச்சிருக்காங்க. ரீஸ்டார்ட் பண்ணியிருந்தா சுத்தமா போயிருக்கும்!"

மேனேஜரின் கை சர்வரின் சுவிட்சை நோக்கிப் பாய்ந்தது!

இன்ஸ்பெக்டர் அதை நடுவழியிலேயே பிடித்துக்கொண்டார்.

"எங்க சார் அவசரமா? நில்லுங்க. தம்பி, நீ போடு."

அவன் அந்த வீடியோவை வட்டில் பிரதி எடுத்தான். ஓடவிட்டான்.

திரையில் மருந்துக் கிடங்கு. மாற்றுச் சாவியுடன் ஓர் உருவம். பெட்டியை அணைத்தபடி திரும்பியது.

மேனேஜர்!

"இது... இதை நான் காலையிலேயே அழிச்சிட்டேனே!"

சொன்ன பின்னரே வாயைப் பொத்திக்கொண்டார்.

"எந்த லாகின்ல திறந்திருக்கு, தம்பி?"

"இவரோடதுதான் சார். பிளேயரை மூடாம, திரைக்குக் கீழ ஒதுக்கி வச்சிட்டுப் போயிருக்காரு."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தபடி பெருமூச்செறிந்தார்.

"பாத்து முடிச்சா மூடணும் சார். இதுக்குத்தான் எங்க வீட்டுல டி.வி. முன்னாடி எனக்கு தினமும் திட்டு விழுது... ஜெயில் வரைக்கும் போகும்னு இன்னைக்குத்தான் தெரியுது!"