மூன்றாம் படிக்குக் கீழே

வெளிச்சம் பட்டென்று அணைவதற்கு ஒரு கணம் முன்னால், மேடையில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவின் கை அசைந்தது. வெறும் மடியின்மேல், யாருடைய நெற்றியிலோ விழுந்த முடியை ஒதுக்கிவிடுவதுபோல.

“நடிக்கவா சொன்னேன்? சும்மா உக்காருன்னுதானே சொன்னேன்” என்றாள் சாண்ட்ரா, இருட்டைப் பார்த்து.

“சும்மாதான் உக்காந்திருக்கேன்கா. கால்தான் மரத்துப்போச்சு.”

சாண்ட்ரா விளக்குகளை மறுபடி ஏற்றினாள். தங்கையின் கைகள் இரண்டும் முக்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தன.

பிற்பகல் மூன்று மணி. தேவாலய மண்டபத்தின் சன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்திருந்தது. துணி ஆடினால் வெயில் உள்ளே வந்துவிடும் என்று காற்றாடிகளையும் நிறுத்தியிருந்தாள். அணைந்த மெழுகும், போன ஞாயிற்றுக்கிழமைக் குருத்தோலைகள் மூலையில் காய்ந்து சருகாகிற வாசமும், அவளுடைய வியர்வையும் ஒன்றாய்க் கலந்து தொண்டையில் நின்றன.

நாளை பெரிய வெள்ளி. சாயங்காலம் இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகம். கடைசிக் காட்சியில் இறந்த மகனை மடியில் கிடத்தி மாதா உட்கார்ந்திருக்க, மூன்று நிமிடத்தில் வெளிச்சம் மெல்ல வடிந்து இருளவேண்டும். மாதா ஜெசிந்தாதான். மகனாக வரும் ஜோனத்தன் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை ஊரில் ஃபேக்டரி வேலை முடிந்து இன்னும் வந்து சேரவில்லை.

பழைய ஹாலஜன் விளக்குகளைக் கழற்றிவிட்டு இந்த எட்டு மலிவு எல்.இ.டி.களை வாங்கச் சொன்னவள் சாண்ட்ரா. கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவை அவள் மானத்தை வாங்கின. ஒளி அளவில் இருநூற்று ஐம்பத்தைந்து படி இறங்கவேண்டிய விளக்கு, மேலே நன்றாக வழுக்கிக்கொண்டு வந்து, கடைசிப் பத்துப் படியில் நொண்டி நொண்டி, மூன்றுக்குக் கீழே பட்டென்று செத்தது. சனம் சிரித்தது. “யூனிவர்சிட்டி படிச்ச புள்ள போட்ட லைட்டு லா, அதான் படிப்படியா இறங்குது” என்று மைக்கிலேயே சொன்னார் பாக்கியசாமி. முப்பது வருஷம் அந்த மண்டபத்துக்கு விளக்குப் போட்டவர். சுங்கை பாக்காப் தோட்டத்தில் பிறந்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவளுக்கு அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கிடந்து எரிந்தது. நாளையும் சிரித்தால் மேடைப் பக்கம் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

காலையில் சாவி கொடுக்கும்போதும் அவர் விடவில்லை. “அணைக்கிறதுன்னா பட்டுன்னு அணைச்சிடும்மா. கடைசிச் சொட்டு வரைக்கும் இழுக்காதே. நான் ஒரு நாளும் இழுத்ததில்ல.”

“ஒங்களுக்குத் தெரியல அங்கிள். அதான் இழுக்கல” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இழுக்க அவளுக்குத் தெரியும். ரோட்டில் ஓடும் காடிகளின் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டும் கமால் கடையில் வாங்கி வந்த துண்டுகளை இப்போது எட்டு விளக்கின் முகத்திலும் ஒட்டினாள். கறுப்பைத் தாண்டி வர விளக்கு கூடுதலாக எரியவேண்டும். அப்போது அடியில் வரும் நொண்டல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடும். பிறகு ஒவ்வொரு விளக்கின் முதுகிலும் பொத்தானை அழுத்தி, தாமதமாக இறங்கும் நான்காவது முறையில் வைத்தாள். இனி மேசையில் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் கட்டையை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் விளக்கு தன் போக்கில்தான் இறங்கும். வெட்டினாலும் வடியும்.

“கடைசித் தடவை. அசையாதே.”

வெளிச்சம் இறங்கத் தொடங்கியது. பொன்னிறம் பழுப்பாகி, பழுப்பு சாம்பலாகி, மாதாவின் நீல முக்காட்டின் மடிப்புகள் ஒவ்வொன்றாக இருளில் கரைய, எங்கே நொண்டுகிறது என்று மூச்சைப் பிடித்துத் தேடினாள் சாண்ட்ரா. எங்கேயும் நொண்டவில்லை. எண்ணெய் வழிவதுபோல் வழிந்தது. நாளைக்கு எவன் சிரிக்கிறான் பார்ப்போம் என்று நினைத்தபோது, இதுவரை யாரும் பார்த்திராத அந்த மூன்றாம் படிக்குக் கீழே, தங்கையின் மடியில் ஒருவன் கிடந்தான்.

தலை ஒரு பக்கம் சாய்ந்து. கால்கள் தரையில் நீண்டு.

“ஜோனத்தன், வந்தா ஒரு வார்த்தை சொல்லமாட்டியா? பின்பக்கமா வந்தியா?”

“மெதுவா பேசுக்கா” என்றாள் ஜெசிந்தா. “இவன் ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கான்?”

மேசைமேல் போன் அதிர்ந்தது. சாண்ட்ரா கண்ணை மேடையிலிருந்து எடுக்காமலே காதில் வைத்தாள்.

“அக்கா, ஜோனத்தன். பாலத்துல செம ஜேம் லா. காடி நகரவே மாட்டேங்குது. அரைமணி நேரமாவும்.”

பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. லாரிச் சத்தம். கடல் காற்று.

ஃபேடரை மேலே தள்ளினாள்.

வெளிச்சம் நிதானமாக ஏறியது. மடியில் யாரும் இல்லை.

“எந்திரி. கீழ இறங்கி வா.”

“முடியலக்கா.”

“எந்திரின்னா எந்திரி.”

“கனக்குது. வெளிச்சம் ஏற ஏறக் கனக்குது.”

சாண்ட்ரா மேடைக்கு ஓடினாள். நீலத் துணி தங்கையின் தொடைமேல் குழிந்திருந்தது. ஒரு தலை அளவுக்கு. அந்தக் குழிக்குமேல் கையை வீசினாள். வெறும் காற்று. ஜில்லென்ற காற்று. குழி இன்னும் இறங்கியது. முக்காலியின் கால் ஒன்று கிறீச்சிட்டு விரிந்தது.

“அக்கா, முட்டி... வெளிச்சத்தக் கொறைக்கா. கொறைச்சிடு.”

பட்டுன்னு அணைச்சிடும்மா.

திரும்பி ஓடினாள். ஃபேடரை ஒரே இழுப்பில் சுழியத்துக்கு இழுத்தாள்.

எட்டு விளக்கும் அணையவில்லை. அவள் சொல்லிக்கொடுத்தபடியே இறங்கின. பொன். பழுப்பு. சாம்பல். மறுபடி இழுத்தாள். ஃபேடர் அடியில்தான் இருந்தது. அதற்குக் கீழே இழுக்க இடமில்லை.

ஒரு நொண்டல் இல்லை. ஒரு குதிப்பு இல்லை.

“ஜெசி?”

முக்காலி கிறீச்சிடுவது நின்றது.

மூன்றாம் படிக்குக் கீழே, மடியில் கிடந்தது இப்போது முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் மடியில் ஜெசிந்தா கிடந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, கால்கள் தரையில் நீண்டு. நீல முக்காடு நழுவிக் கிடந்தது. நீளமான ஒரு கை அவள் நெற்றியில் விழுந்த முடியை மெல்ல ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தது. வெளிச்சம் இன்னும் வடிந்துகொண்டே இருந்தது.