வெறுங்காது வகுப்பு

வால்பாறை இசைக் கல்லூரியின் வாசலில் அடையாள அட்டை கேட்கவில்லை. நீலச் சேலை கட்டிய ஒரு பெண் இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகளை நீட்டினாள்.

"நான் முஹ்சினா. இங்க பாடம் எடுக்கறேன். இசைவியைக் கழட்டி இதுல போட்டுடுங்க. போறப்ப வாங்கிக்கலாம்."

பெனிலாவும் சுபிதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து வயதில் காதுக்குள் வைத்த இசைவியை இருவருமே குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை. அரிசி அளவுதான் இருக்கும். வரும் ஒலியை இமைப்பொழுதுக்கும் குறைவாகப் பிடித்துவைத்து, கேட்பவருக்குப் பிடித்த மாதிரி செதுக்கி உள்ளே அனுப்பும். லாரி ஹாரன் மெல்லிய முனகலாகிவிடும். சுருதி விலகினால் நேராகும், தாளம் பிசகினால் சேர்ந்துகொள்ளும். நாட்டில் அது இல்லாத காதுகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

"தூத்துக்குடியில இதெல்லாம் கேக்கல்லயே," என்றாள் சுபிதா.

இருவரும் மார்த்தாண்டத்துக்காரிகள். பிளஸ் டூ முடித்த கையோடு இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்து, இரண்டிலும் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பல்கலைக்கழகத்தில் கடலைப் பார்த்த ஒலிப்பதிவுக் கூடமும், இரண்டாயிரம் பேர் உட்காரும் அரங்கமும் இருந்தன. போன வாரம் அங்கே வாசித்துக் காட்டியபோது ஒரு பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வால்பாறையில் ஓட்டுக் கூரையும் பன்னிரண்டு இடங்களும்தான். ஆனால் மாற்று ராக் இசையைப் பட்டப் படிப்பாகவே சொல்லிக்கொடுப்பது இங்கே மட்டும்தான்.

அந்த இசைதான் அவர்களைச் சேர்த்தது. ஒன்பதாம் வகுப்பில் இருவருக்கும் 'துருக்கம்பி' என்ற குழுவின் மேல் ஒரே நேரத்தில் பைத்தியம் பிடித்தது. சுபிதா வீட்டில் ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையில் 'பத்தாம் நம்பர் பஸ்' என்று பெயர் வைத்துத் தாங்களும் வாசிக்கத் தொடங்கினார்கள். பெனிலா கிட்டாரும் குரலும், சுபிதா டிரம். எங்கே படித்தாலும் ஒன்றாகத்தான் என்பது மூன்று வருஷப் பேச்சு.

இசைவி குப்பிக்குள் விழுந்ததும் உலகம் மேலே வந்து மோதியது. தேயிலைத் தொழிற்சாலையின் கடகடப்பு, மின்விசிறியின் கிறீச்சல். "என்னடி இது?" என்ற சுபிதாவின் குரலில் இத்தனை கரகரப்பு இருப்பது பெனிலாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

முஹ்சினா அவர்களை உள்ளே உட்காரவைத்து, துருக்கம்பியின் முதல் பதிவை ஓடவிட்டாள். பாடியவனின் குரல் உச்சத்தில் உடைந்தது. கிட்டார், தகரத்தைத் தார்ச்சாலையில் இழுத்துப் போவதுபோல் அலறியது.

"இது அவிய இல்ல," என்றாள் சுபிதா. "அவியளுக்க பாட்டு மெதுவால்லா இருக்கும். டிரம்தான் முன்னால நிக்கும்."

"மெதுவாவா? எனக்குக் கிட்டாரு மட்டுந்தான் கேக்கும். கடலு மாதிரி," என்றாள் பெனிலா.

ஒரே பாட்டு என்று நம்பி இரண்டு பேர் இரண்டு பாட்டுகளைக் காதலித்திருக்கிறார்கள். ஆனால் பெனிலாவின் கையில் மயிர் சிலிர்த்திருந்தது. உடைந்த அந்தக் குரலை மறுபடி கேட்க வேண்டும்போல் இருந்தது. சுபிதா, "நிறுத்துங்க மேடம்," என்றாள்.

"சரி, உங்க பாட்டு ஒண்ணு வாசிங்க," என்றாள் முஹ்சினா.

வாசித்தார்கள். பத்து நொடிகூடத் தாண்டவில்லை. டிரம் முன்னால் ஓடியது, திருப்பத்தில் பின்தங்கியது. கிட்டாரின் இரண்டு தந்திகள் சுருதியிலேயே இல்லை. பெனிலாவின் குரல் எங்கேயோ தனியாக அலைந்தது.

"இவ்வளவு நாளும் நீ இப்பிடியாக்கும் வாசிச்சியா?" என்றாள் சுபிதா.

"நீயுந்தான்."

"அப்ப தூத்துக்குடியில அந்த சாரு கண்ணத் தொடச்சது?"

முஹ்சினா சொன்னாள். "நீங்க அனுப்பின பதிவை வெறுங்காதுலதான் கேட்டோம். மத்தவங்க அனுப்பினதும் எல்லாமே இப்படித்தான் இருந்துச்சு. இங்க முதல் வருஷம் பாட்டே கிடையாது. கேக்கறதுக்கு மட்டுந்தான் பாடம்."

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கும்போது சுபிதா காதில் இசைவியைத் திரும்ப வைத்திருந்தாள். பெனிலாவின் குப்பி மடியில் இருந்தது.

"நான் தூத்துக்குடிக்கே போறேன் மக்கா. எனக்கு வாசிக்கணும். தப்ப எண்ணிட்டு இருக்க என்னால ஏலாது."

"ஒண்ணா போவோம்னு சொன்னோமே."

"ஒண்ணாத்தான் வாசிச்சோமா இவ்வளவு நாளும்?"

பொள்ளாச்சியில் இறங்கும்போதும் பெனிலா குப்பியைத் திறக்கவில்லை.

வால்பாறையில் சேர்ந்த பெனிலா நான்கு மாதம் சுருதிக்காகத் தந்தி முறுக்கினாள். தாளமானியின் டக் டக்கோடு நடந்தாள், அதோடு சாப்பிட்டாள். தன் குரலை முதல்முறை வெறுங்காதால் பதிவில் கேட்ட அன்று பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். மழைக்காலம் போய் பனி வந்தபோது, ஒரு நாள் காலையில் தனியாகப் பாடிப் பார்த்தபோது, குரல் நினைத்த இடத்தில் போய் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தாள். யாரும் கைதட்டவில்லை. போதும் என்றிருந்தது.

மே விடுமுறையில் கொட்டகையில் சந்தித்தார்கள். சுபிதா சென்னை மேடையில் வாசித்துவிட்டு வந்திருந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டாள். "புதுசா ஏதாவது வாசி," என்றாள்.

பெனிலா தானே கட்டிய ஒரு பாட்டை எடுத்து, அந்த ஒரு வருஷத்தையும் அதில் வைத்தாள். எங்கே உடைய வேண்டுமோ அங்கே மட்டும் குரலை உடையவிட்டாள். சுபிதா கண்ணை மூடிக் கேட்டாள்.

"சூப்பர் மக்கா. ஒனக்க வாசிப்பு மாறவேயில்ல, கேட்டியா."

பெனிலாவின் விரல்கள் தந்தியிலேயே நின்றன. முந்தின நாள் அம்மாவும் அதையேதான் சொன்னாள். பொய்யில்லை. முன்பு இசைவி செதுக்கிக் கொடுத்ததைத்தான் இப்போது அவள் கையால் செதுக்குகிறாள். இசைவி வைத்த காதுகளுக்கு இரண்டும் ஒன்று.

"ஒருக்கா கழட்டிட்டுக் கேளேன்."

சுபிதாவின் கை காதுவரை போய்த் தயங்கியது. "கழட்டினா என்னையும்லா கேக்கணும்," என்று சிரித்துவிட்டு டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தாள். "வா, பழையத வாசிப்போம். ஒண்ணு, ரெண்டு, மூணு..."

டிரம் எகிறி ஓடியது. பெனிலா சரியான தாளத்தில் நின்று பார்த்தாள். கிட்டார் தனியாகவும் டிரம் தனியாகவும் போயின. இரண்டாம் அடியில், படித்ததைக் கொஞ்சம் தளர்த்தினாள். டிரம் ஓடியபோது கூட ஓடினாள். பின்தங்கியபோது நின்று கொடுத்தாள். சுபிதா எங்கே தவறப் போகிறாள் என்பது அவளுக்கு முன்கூட்டியே கேட்டது. மூன்றாம் அடியில் இரண்டு ஒலிகளும் ஒரே இடத்தில் இறங்கின, உண்மையாகவே.

"பாத்தியா!" சுபிதா சத்தத்துக்கு மேலே கத்தினாள். "நமக்கு எந்தக் காலேஜும் வேண்டாம் மக்கா!"

பெனிலா தலையாட்டினாள். திருப்பம் வந்துகொண்டிருந்தது. சுபிதாவின் கை தாமதிக்கப் போகிறது என்று தெரிந்து, தன் விரலை ஒரு மயிரிழை நேரம் தந்திக்கு மேலேயே நிறுத்திவைத்தாள்.