அளவுச் சாப்பாடு

“கஞ்சியைத் தராசுல வச்சுக் குடிக்கிற ஜென்மத்தை நான் எங்கயும் பாத்ததில்லம்மா! தங்கமா அது? மாத்து குறைஞ்சா திருப்பிக் குடுத்துடுவியோ?”

விடிந்ததும் விடியாததுமாக மாமியாரின் குரல் சமையலறையிலிருந்து கிளம்பிவிட்டது. தராசில் எண் நின்றதும் மருமகள் கைபேசியை எடுத்துத் தட்டினாள். ஓட்ஸ் கஞ்சி, தண்ணீரில் காய்ச்சியது, ஒரு கிண்ணம். கலோரிச் செயலி பச்சை நிறத்தில் பல்லை இளித்தது: ‘அருமை! இலக்கை நெருங்குகிறீர்கள்!’

அதன் கணக்குப்படி அவள் இந்நேரம் ஊசிக்குள் நுழைந்து வெளியே வந்திருக்க வேண்டும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஸ்டியரிங்குக்கும் அவள் வயிற்றுக்கும் நெடுநாள் உறவு. முதல் மாதம் அந்த உறவு கொஞ்சம் விலகித்தான் போனது. எடை மெஷினில் சரசரவென்று இறங்கிய முள், பிறகு என்ன நினைத்ததோ, வீட்டோடு வந்த மாப்பிள்ளை மாதிரி ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

“விடும்மா,” என்றாள் கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த நாத்தனார். “அண்ணி சினிமாவுல நடிக்கப் போறாங்க. ஹீரோவுக்குப் பாட்டி வேஷம்.”

சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த சின்ன டம்ளரிலிருந்து ஒரே ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்து படுப்பாள். தாகத்தைக்கூட டம்ளர் கணக்கில்தான் அனுபவிக்க வேண்டும். உடம்பில் தெம்பாக மிஞ்சியிருந்தது நாக்கு ஒன்றுதான்.

“அவ தண்ணியை அளந்து குடிக்கிறா... இவ சோத்தை அளந்து திங்கிறா... இது வீடா, மருந்துக் கடையா?” மாமியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. கரண்டியைத் தொப்பென்று போட்டாள்.

கணவன் வாயைத் திறந்தான். மருமகள் ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாயில் ரொட்டியைச் செருகிக்கொண்டான்.

பாவம், அவன் ஒருவனுக்குத்தான் விஷயம் தெரியும். தங்கைக்குச் சிறுநீரகம் கொடுக்க முதலில் போனவன் அவன்தான். ‘உங்களுக்கே சர்க்கரை இருக்கு’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த தங்கை பல நாள் யாரிடமும் பேசவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் மருமகள் சத்தமில்லாமல் போய்த் தன்னைப் பரிசோதித்துக்கொண்டாள். இரத்தம் பொருந்தியது. எல்லாமே பொருந்தியது. எடை மட்டும் பொருந்தவில்லை. ‘குறைச்சிட்டு வாங்க, ஆபரேஷன் பத்திப் பேசலாம்’ என்றார் மருத்துவர்.

“முடிவாகுற வரைக்கும் மூச்சு விடாதீங்க,” என்று கணவனிடம் சொல்லியிருந்தாள். “மறுபடியும் ஆசை காட்டி மோசம் பண்ணக் கூடாது அந்தப் பொண்ணை.”

இன்றைக்கு எடை பார்க்கும் நாள்.

மத்தியானம் கணவனோடு திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை. போன மாத எடைதான். ஒரு குண்டுமணி குறையவில்லை. செயலியைப் புரட்டிப் பார்த்த மருத்துவர், “மறைச்சு ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா? கூச்சப்படாம சொல்லுங்க,” என்று கேட்டிருந்தார். இன்னும் ஒரு மாதம் பார்ப்பாராம். அப்புறம் வேறு ஆள்தான் தேட வேண்டுமாம்.

மாமியார் சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். அதைத் தராசில் ஏற்றக் கை வரவில்லை. மருமகள் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“அழு! நல்லா அழு! யாருக்காகடி இப்படி உடம்பை வதைச்சுக்கிறே? என் புள்ள உன்னைக் குண்டுன்னு சொன்னானா?”

“நான் இங்க எப்பப் போவேன்னு நாளை எண்ணிட்டுக் கெடக்கேன்...” என்றாள் கட்டிலிலிருந்து நாத்தனார். “அவங்களுக்கு இடுப்புக் கவலை! குடுத்து வச்ச பிறவிம்மா!”

“வாயை மூடு!”

வீடே திடுக்கிட்டது. அந்த வீட்டில் கணவன் குரலை உயர்த்தியதே கிடையாது. அவனே ஒரு கணம் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தான்.

“உனக்காகத்தான் அவ பட்டினி கெடக்குறா! உனக்குக் கிட்னி குடுக்க...! எடை குறையலைன்னுதான் இன்னிக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க...”

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்தாள்.

“ஐயோ... நான் பாவி! நான்தாம்மா... நான்தான் கெடுத்தேன்!”

“என்ன அத்தை சொல்றீங்க?”

“உன் கஞ்சியில தெனமும் வெண்ணெய் போட்டேன்டி... கை நிறைய! இந்தச் சூப்புல முந்திரியை அரைச்சு ஊத்தியிருக்கேன்... நீ கண்ணு முன்னால வத்திப் போனியே... ஒருத்தி படுத்துட்டா, நீயும் படுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்னு... ராத்திரியெல்லாம் இதே பயம்தான்...”

மருமகளுக்குத் தன்னையறியாமல் ஒரு சிரிப்பு வெடித்தது. கண்ணீரும் கூடவே வந்தது.

“அதான் வெறும் கஞ்சி அவ்வளவு ருசியா இருந்துதா! பட்டினி கெடந்தா எல்லாமே ருசிக்கும்போலன்னு நான் நெனச்சுட்டேன் அத்தை! டாக்டர் என்னைத் திருடி மாதிரி பாத்தாரு... திருடி நீங்க இங்க அடுப்படியில நின்னிருக்கீங்க!”

தரையில் உட்கார்ந்து மாமியாரைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்களா சிரித்தார்களா என்பது கணவனுக்குப் புரியவில்லை. இரண்டுக்கும் பொதுவாக அவன் ஒரு துண்டை எடுத்து நீட்டினான்.

“எனக்கு உங்க கிட்னி வேணாம் அண்ணி.”

நாத்தனார் கட்டிலைவிட்டு எழுந்து வந்து சமையலறை வாசற்படியில் நின்றிருந்தாள். “வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன்... எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்ககிட்ட கை நீட்டி வாங்குவேன்...”

“மூஞ்சியை நீயே வச்சுக்கோ கண்ணு. நான் தரப்போறது வேற.” மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு ரெண்டு இருக்கு. அதுல ஒண்ணு உங்க அண்ணன் மாதிரி சும்மாதான் உக்காந்திருக்கு.”

நாத்தனார் ஓடிவந்து அவள் தோளில் விழுந்தாள். ஓடி என்றால், அவளால் முடிந்த ஓட்டம். “அண்ணி... என்னை மன்னிச்சிருங்க அண்ணி...” மருமகள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். எலும்பெல்லாம் கைக்குத் தட்டுப்பட்டது.

சாயங்காலம் வேனை நிறுத்திவிட்டு, வேகநடைக்காக மருமகள் காலணியை மாட்டினாள். இனி ஒரு மாதம் முழுதாக இருக்கிறது. வெண்ணெய் இல்லாத ஒரு மாதம்! பக்கத்தில் இன்னொரு ஜோடிச் செருப்பு வந்து நின்றது.

“நானும் வரேன் அண்ணி. கொஞ்ச தூரம்.” நாத்தனார் தயங்கினாள். “ஆனா நான் ஆமை மாதிரிதான் நடப்பேன். உங்களுக்கு எதுவும் கரையாதே?”

“கரையுறது கரையட்டும். வா.”

நான்கு வீடு தாண்டுவதற்குள் இரண்டு முறை நின்றார்கள். ஒரு சைக்கிள் மணியடித்துக் கடந்து போனது. நாத்தனாருக்கு மூச்சு வாங்கியது; நெற்றியெல்லாம் வேர்வை.

“திரும்பிடலாமா?” என்று கேட்டாள் மருமகள்.

நாத்தனார் தெருவை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநாளாக ஜன்னல் வழியாகவே பார்த்த தெரு.

“அந்த வளைவு வரைக்கும்...” என்றாள், அண்ணியின் கையை விடாமல்.