அப்பாவின் உயிர்வாழ் சான்றிதழ்

நாலு விநாடியில் முடிய வேண்டிய வேலை இருபது நிமிடமாக முடியவில்லை. முதலியார்பேட்டையில் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து நெடுமாறன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐப்பசி மழை தகரக் கொட்டகை மேல் விடாமல் அடித்தது. பகல் பதினொரு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. மேசைக்கடியில் இருந்த சர்வர் பெட்டி, மூச்சு வாங்குகிற ஆள் மாதிரி, இழுத்து இழுத்து இரைந்தது.

கைப்பேசி அடித்தது. மேட்டுப்பாளையத்தில் டைப்பிங் கடை வைத்திருக்கும் சுமலதா.

"அண்ணே, நான் போட்ட ஃபைலு இன்னும் வரலண்ணே. முன்னாடி ஒண்ணு நிக்குதுன்னே காட்டுது. யாருதுண்ணே அது?"

"பாக்கறேம்மா" என்றான். யாருடையது என்று சொல்லவில்லை. அது அவனுடையதுதான்.

ஊரிலுள்ள டைப்பிங் கடைக்காரர்கள் வேர்டில் அடித்ததை இவனுடைய இணையதளத்தில் ஏற்றுவார்கள். அது பிடிஎஃப் ஆகித் திரும்பப் போகும். "மெஷினு என் வூட்லயே இருக்கு, உங்க ஃபைலு வாசப்படி தாண்டாது, ஒரு மணி நேரத்துல தானா அழிஞ்சிடும்" என்பது நெடுமாறன் எல்லாரிடமும் அடித்துக்கொள்ளும் பெருமை. வெளியே தெரியக் கூடாத காரியத்துக்கு அதைவிட நல்ல இடம் அவனுக்குக் கிடைக்கவில்லை.

அப்பா தணிகாசலம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். தான் உயிரோடு இருப்பதாக வருஷா வருஷம் ஒரு சான்றிதழ் அனுப்பினால்தான் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். போன பங்குனியில், பிள்ளைச்சாவடியில் பங்காளி வீட்டுக்குப் போன இடத்தில் அவர் இறந்துபோனார். அங்கேயே எரித்தார்கள். அம்மா அஞ்சம்மாளைக் கட்டிக்கொண்டது கோவிலோடு சரி, பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறவில்லை. அதனால் அவர் போய்விட்டார் என்று தெரிந்தால் அவளுக்கு ஒன்றும் வராது. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ் செய்துகொண்டு உயிரோடு இருப்பவள் அவள். எனவே நெடுமாறன் சாவைப் பதியாமல் விட்டான். முதலியார்பேட்டையில் கேட்டவர்களிடம், "கடக்காத்து ஒத்துக்கிச்சி, ஊரோட தங்கிட்டாரு" என்று சொல்லிவைத்தான். கொள்ளி வைத்தபோதுகூட அவனுக்கு அழுகை வரவில்லை. அன்றிலிருந்து உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது.

இன்று காலை போன வருஷத்துச் சான்றிதழைத் திறந்தான். தேதியை மாற்றினான். பழைய கையெழுத்தையும் முத்திரையையும் வெட்டி ஒட்டி ஏற்றினான். அவ்வளவுதான் செய்தான்.

ஒருவழியாகப் பிடிஎஃப் வந்து விழுந்தது. பின்னாலேயே சுமலதாவுடையதும் போயிற்று. திறந்து பார்த்தான். பெயர் சரி, பிறந்த தேதி சரி, முத்திரை சரி. கையெழுத்து மட்டும் அவன் ஒட்டியது இல்லை. தணிகாசலம் என்றுதான் இருந்தது. ஆனால் விரல் மடங்காத கை எழுதியது போலக் கோணிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கரித்தடம்.

மெஷின் சொதப்புகிறது என்று நினைத்தான். அப்படி நினைப்பதுதான் வசதியாக இருந்தது. மறுபடியும் ஏற்றினான்.

இந்தத் தடவை காத்திருக்கும்போதே நாற்றம் வந்தது. ஈரச் சாம்பலும் நெய்யும் பொசுங்கிய மயிருமாகக் கலந்த நாற்றம், மழையின் குளிரோடு மாடிப்படி வழியாக மெல்ல ஏறி, அறைக்குள் வந்து, அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டது. கீழே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அம்மா யாரோடோ தாழ்ந்த குரலில் பேசினாள்.

"யாரும்மா வந்துருக்கறது?"

"ஒண்ணுமில்ல. நீ உன் வேலயப் பாரு" என்றாள்.

இரண்டாவது பிடிஎஃப்பில் கையெழுத்து கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயம் வேறு யாருக்கோ வந்ததுபோல எட்டி நின்றது. அனுப்ப இன்றைக்குத்தான் கடைசி நாள். அனுப்பாவிட்டால் அம்மா செத்துப்போவாள். அது ஒன்றுதான் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாவது தடவை ஏற்றினான். இப்போது கையெழுத்து அச்சு அசலாக அப்பாவுடையது. கரித்தடம் இல்லை. அதை மின்னஞ்சலில் பிரான்சுக்கு அனுப்பினான். போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பதில் வந்தது.

சர்வர் அடங்கியது. மழையும் விட்டிருந்தது.

கீழே ஒரு கரண்டி கிண்ணத்தில் தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது.

"மாறா." அம்மாவின் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "செத்த கீழ வாடா. உங்கப்பாவுக்குக் கஞ்சி குடுக்கலாம்னு பாக்கறேன். வாயி எங்க இருக்குதுன்னே தெரியல."

சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். ஒரு படி. இன்னொரு படி. 

கூடத்தில் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எதிரே நாற்காலியில், பங்குனியில் அவன் கொள்ளி வைத்தது உட்கார்ந்திருந்தது. எரிந்தது எரிந்தபடியே. கண் இல்லை. உதடு இல்லை. விலா மட்டும் ஏறியது. இறங்கியது.

அம்மா கரண்டியை அந்தக் கரியின் மேல் அங்கே ஒரு தடவை, இங்கே ஒரு தடவை பொறுமையாக வைத்துப் பார்த்தாள். கஞ்சி வழிந்து தரையில் சொட்டியது.

"வலிக்குது போலடா, துடிக்கிறாரு" என்றாள். "எத்தினி நாளைக்கு இப்டி?"

ஒரு வருஷத்துக்கு. அவனுக்குத் தெரியும். அவன் அனுப்பிய சான்றிதழ் அதுவரை செல்லும்.

நாற்காலியின் கைப்பிடியிலிருந்து கரிந்த கை ஒன்று எழுந்தது. காற்றில் துழாவியது. அம்மாவின் முகத்தைக் கண்டுபிடித்து, நெற்றியிலிருந்து மூக்கு, மூக்கிலிருந்து உதடு என்று மெதுவாகத் தடவிக்கொண்டே வந்து, அவள் வாய்மேல் நின்றது.