கயிறு ஏறிய கை

குழந்தைகள் கூசுவார்கள். மந்திரித்த கறுப்புக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றும்போது நெளிவார்கள், சிரிப்பார்கள், சிலதுகள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொள்ளும். ஆதிரா எதுவும் செய்யவில்லை. கையை நீட்டினாள். நீட்டியபடியே வைத்திருந்தாள், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல. தலையில் வைத்திருந்த பிச்சிப்பூவையும் மீறி அவளிடமிருந்து டெட்டால் வாசனை வந்தது.

"ராத்திரி அலறுதா சாமி," என்றாள் அவள் அம்மா ரேஷ்மி. "பயந்த கோளாறுதான்னு பெரியத்தான் சொல்லுதாங்க. நீங்க ஒரு கயிறு கெட்டுனா சரியாப் போயிரும்."

கயிறு கட்டும் சேஷனுக்கு அந்த அலறல் தெரியும். வலியசாலை அக்ரகாரத்தில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பவை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தான். சுவருக்கு அப்பால் இருந்தவர் கோமதிநாயகம். ரேஷ்மி சொன்ன பெரியத்தான், ஆதிராவின் பெரியப்பா. தம்பி துபாயில் இருக்க, தம்பி மனைவியும் குழந்தையும் அவர் நிழலில். சாலைக் கடைத்தெருவில் அவருக்கு இரும்புக்கடை. கோயில் டிரஸ்டுக்கும் அவரே தலைவர். சேஷன் அந்தக் கோயிலில் பூஜை செய்தார், அந்த டிரஸ்டின் வீட்டில்தான் குடியிருந்தார்.

கயிற்றைச் சுற்றும்போதுதான் பார்த்தார். மணிக்கட்டைச் சுற்றிக் கன்றிய தடம். பெரிய விரல்களின் தடம்.

நிமிர்ந்து ரேஷ்மியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். "சாமிகிட்ட வந்தது சாமியோட இருக்கட்டும்," என்றாள்.

அது அவர் வீட்டு வழக்கம்தான். கயிறு கட்டும்போது காதில் விழுந்தது, கண்ணில் பட்டது எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது என்று அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். நல்ல மனுஷர் சேஷன். எறும்பை மிதித்தால்கூட வருத்தப்படுகிறவர். மந்திரத்தைச் சொன்னார். முடிச்சைப் போட்டார். தடம் கயிற்றுக்குள் சரியாக மறைந்தது.

அன்று ராத்திரி அலறல் இல்லை.

"பாத்தேளா, உங்க கைராசி!" என்று சொல்லிவிட்டு அவர் மனைவி சாவித்ரி நிம்மதியாகப் புரண்டு படுத்தாள். சேஷன் தூங்கவில்லை. ஓட்டிலிருந்து மழை சொட்டுவதும், தெருமுனையில் ஆட்டோ திரும்புவதும், பல்லி ஒன்று பரண்மேல் சொல்வதும் ஒவ்வொன்றாகக் கேட்டன. அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் எதுவும் இல்லை. ஏனோ கையை நீட்டிச் சுவரைத் தொட்டார். சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது, யாரோ முழு பலத்தோடு கத்தும்போது நெஞ்சுக்கூடு அதிர்வதுபோல.

கையை எடுத்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார்கள். "இன்னும் கொஞ்சம் மேல கெட்டுங்க சாமி." முதல் கயிற்றுக்கு மேலே புதுத் தடம். கட்டினார். அதற்கடுத்து முழங்கைக்குக் கீழே. பிறகு முழங்கைக்கு மேலே. கயிறு ஏறிக்கொண்டே போயிற்று.

ஒருநாள் ரேஷ்மி செருப்பு மாட்டத் திரும்பிய நேரத்தில் ஆதிரா வாயைத் திறந்தாள். "சாமி மாமா, நீங்க இத கெட்டின பின்ன நான் கத்தி விளிச்சா ஆருக்கும் கேக்கல. அம்மாக்கும் கேக்கல. அவுத்துத் தருமோ?"

சேஷனின் விரல்கள் முடிச்சுக்குப் போயின. நகம்கூட அதில் பதிந்துவிட்டது. வாசலில் கோமதிநாயகத்தின் இருமல். விரல்கள் திரும்பி வந்தன.

"சாமி கை வச்சா பின்ன பேச்சே கிடையாது, கேட்டேளா!" கோமதிநாயகம் ஒரு சீப்பு ரசகதலியை மேஜைமேல் வைத்தார். "முன்னெல்லாம் இந்தக் கழுத ஊரக் கூட்டும். இப்ப இருக்கா இல்லியான்னே தெரியல. அப்பறம் சாமி, உங்க வீடு ஒழுகுதாமே? ஓட்ட மாத்திருவோம். நீங்க இங்கயே இருக்கணும்லா, எனக்குப் பக்கத்துல?"

அவர் சிரித்தார். சேஷனும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் பத்மப்ரியா வந்திருந்தாள். கழக்கூட்டம் என்கிற ஊரில் பள்ளிக்கூட டீச்சர். வாசலில் நின்ற ஆதிராவின் கையைப் பார்த்தாள், அப்புறம் நேராக மாமனாரிடம் வந்தாள்.

"அப்பா, அந்தக் கயித்துக்கு அடியில என்ன இருக்கு?"

"கயிறு கட்டறச்சே பார்த்ததை வெளியில சொல்றது வழக்கமில்லைம்மா."

"வழக்கமா? சந்தேகம் வந்தாலே சொல்லியாகணும்ப்பா, அதான் சட்டம். டீச்சர்னாலும் சரி, பூஜை பண்றவர்னாலும் சரி, கோயில்ல வச்சுச் சொன்னதுன்னு யாருக்கும் விலக்கு இல்லை. மறைச்சா அதுவே குத்தம்." குரல் தழைந்தது. "நான் சொல்லத்தான் போறேன். ஆனா கண்ணால பார்த்தது நீங்க. குழந்தைகளுக்குன்னு ஒரு நம்பர் இருக்கு. உங்க வாயாலே ஒரு வார்த்தை, போறும்."

"நானே சொல்றேன். நீ இதுல வராதே," என்றார். அவளை நம்பவைத்து அனுப்பினார். சொல்லவில்லை. நாளைக்கு என்றார் தனக்குள். ஓடு மாற்ற ஆள் வந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரம். மழை இருட்டு. ரேஷ்மி குழந்தையை முன்னால் நகர்த்தினாள். கையில் இடம் இல்லை. மணிக்கட்டிலிருந்து தோள்வரை கறுப்பு.

"கழுத்துல கெட்டிருங்க சாமி," என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

பிச்சிப்பூச் சரத்தை விலக்கினார். பார்த்தார்.

கட்டினார். ஆமாம், கட்டினார். கை தானாகச் சுற்றியது, வாய் தானாகச் சொன்னது. முடிச்சு விழுந்ததும் குழந்தையின் தொண்டை அவர் விரலுக்கடியில் ஒருமுறை ஏறி இறங்கியது.

அவர்கள் போனார்கள். சேஷன் சுவரோரம் நின்றார். இப்போது தொடவே வேண்டியிருக்கவில்லை. மாட்டியிருந்த காலண்டர் தடதடவென்று அடித்துக்கொண்டது. காரை உதிர்ந்தது. சத்தம் மட்டும் இல்லை.

போனை எடுத்தார். பத்மப்ரியா சொன்ன அந்த நம்பரை அழுத்தினார்.

"ஹலோ, பறயூ," என்று மலையாளத்தில் சொல்லச் சொன்னாள் ஒரு பெண், அன்பாக.

சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். மணிக்கட்டு, முழங்கை, தோள், கழுத்து. யார் வீடு, யார் விரல். அழுதுகொண்டே சொன்னார்.

"ஹலோ? ஒந்நும் கேள்க்குந்நில்லல்லோ. ஹலோ?"

எதுவும் கேட்கவில்லை என்கிறாள். உரக்கச் சொன்னார். கத்தினார்.

சாவித்ரி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னன்னா இது, போனை வச்சுண்டு வாயை வாயைத் திறக்கறேள்? பேசுங்கோளேன்!"

போன் கீழே விழுந்தது. அது விழுந்த சத்தம் கேட்டது.

ஓடினார். மழையில். வெறுங்காலோடு. பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருக்கவில்லை.

கூடத்தில் பளிச்சென்று குழல்விளக்கு. டிவியில் செய்தி. ரேஷ்மி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், கரக், கரக். கோமதிநாயகம் நாற்காலியில். நடுத்தரையில் ஆதிரா.

அவள் வாய் திறந்திருந்தது. முழுவதும். கழுத்தில் கயிற்றுக்கு மேலும் கீழும் நரம்பு புடைத்திருந்தது. முகம் கறுத்து, கண்ணிலிருந்து நீர் கொட்ட, கால் கட்டைவிரல்வரை விறைத்து அந்தக் குழந்தை அலறிக்கொண்டிருந்தாள். மேலே தொங்கிய விளக்கு ஆடியது. எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் துள்ளியது.

கரக், கரக்.

"வாங்க சாமி," என்றார் கோமதிநாயகம், டிவியின் ஒலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. "பாத்தேளா, பிள்ள என்ன சமத்தா இருக்கு."

ஆதிரா சேஷனைப் பார்த்தாள். அவள் வாய் இன்னும் அகலமாகத் திறந்தது.